30 கிலோவில் யாருக்கு எவ்வளவு?



பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பரண் மேல் கிடந்த பெட்டிகள் தூசி தட்டி இறக்கப்படுகின்றன. ஒரு வீட்டில் ஊட்டிக்கு, ஒரு வீட்டில் உம்ராவுக்கு, ஒரு வீட்டில் பாட்டி ஊருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் ஷார்ஜாவிலும் தம்மாமிலும் தோஹாவிலும் இருக்கிற நம் சகோதரர்கள், இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த லீவுக்கு அட்டைப்பெட்டியும் கயிறும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பெட்டி கட்டுவதைப் பற்றி ஜும்ஆவில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். சட்டையை மடித்து வைப்பதா, சுருட்டி வைப்பதா என்று சொல்லித்தர யூடியூப் போதும். ஷூவுக்குள் சாக்ஸைத் திணிப்பதும், கனமான சாமானைச் சக்கரத்தின் பக்கம் வைப்பதும், பவர் பேங்கைக் கைப்பையில் வைப்பதும் உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். நான் பேச வந்தது அதுவல்ல. ஒரு பெட்டியின் அளவு குறிப்பிட்டது. அதில் ஒன்றை வைத்தால் இன்னொன்றுக்கு இடமில்லை. எதை வைக்கிறோம், எதை எடுத்து வெளியே போடுகிறோம், யாருடையதை முதலில் எடுக்கிறோம் என்பதெல்லாம் தீனுடைய விஷயம். அதை நான் கிதாபில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, ஒரு விமான நிலைய கவுண்டரில் தெரிந்துகொண்டது அதிகம். அந்த வெட்கக்கேட்டையும் சொல்கிறேன்.

முதலில் அல்லாஹ்வின் வேதத்தைப் பாருங்கள். பயணத்துக்குச் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளையே அல்குர்ஆனில் இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 197-வது வசனம். கட்டுச்சாதம் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டுச்சாதங்களில் சிறந்தது இறையச்சம் என்ற கருத்து அதில் வருகிறது. நம் பயான்களில் இந்த வசனத்தின் பின்பாதியைத்தான் அதிகம் கேட்டிருப்பீர்கள். முன்பாதி எதற்காக இறங்கியது என்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொல்வது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. யமன் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்கு வருகிறவர்கள் உணவு எதுவும் கொண்டு வருவதில்லை. நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் அங்குள்ளவர்களிடம் கையேந்துவார்கள். அப்போதுதான் சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற வசனம் அருளப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். கையை வீசிக்கொண்டு கிளம்பியவர்கள் பார்வைக்குப் பெரிய துறவிகளாகத்தான் தெரிந்திருப்பார்கள். பெட்டி இல்லை, மூட்டை இல்லை, உலக ஆசை இல்லை. ஆனால் அவர்கள் தூக்காத சுமை எங்கே போனது? மக்காவாசிகளின் தலையில் போய் உட்கார்ந்தது. சுமை மறையவில்லை, ஆள்தான் மாறியது.

இப்படிப்பட்டவர் நம் வீட்டிலும் உண்டு, பெரும்பாலும் வீட்டுத் தலைவர்தான். "எனக்கு ஒரு சின்னப் பை போதும், உங்களுக்குத்தான் மூன்று பெட்டி" என்று மனைவி மக்களைக் கிண்டல் செய்வார். ரயிலில் ஏறியதும் சீப்பு எங்கே, துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, தலைவலித் தைலம் எங்கே என்று கேட்பார். அத்தனையும் அந்த மூன்று பெட்டியிலிருந்துதான் வரும். முந்தின நாள் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து, மாமியாரின் மாத்திரையை நாள் கணக்குப் போட்டு எடுத்துவைத்தது யார்? பிள்ளைக்குப் பஸ்ஸில் வாந்தி வரும் என்று பிளாஸ்டிக் கவர் சுருட்டி வைத்தது யார்? அந்தச் சின்னப் பைக்காரர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். சகோதரர்களே, சின்னப் பை எளிமையின் அடையாளம்தான், அதில் உங்களுக்குத் தேவையானது எல்லாம் இருந்தால்.

இஸ்லாமிய வரலாற்றின் மிக முக்கியமான பயணத்துக்குச் சாமான் கட்டியதும் ஒரு பெண்தான். நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத்துக்குக் கிளம்பும்போது உணவுப் பையைக் கட்டக் கயிறு இல்லை. அஸ்மா (ரலி) அவர்கள் தன் இடுப்புக் கச்சையைக் கிழித்து அதைக் கட்டிக் கொடுத்தார்கள். இரு கச்சைக்காரர் என்ற பெயர் அதனால் வந்தது. பெட்டி கட்டுகிறவருக்கு மார்க்கம் கொடுத்த பட்டம் அது. மனைவி சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுக்கும்போது சிரிக்கிறோமே, அப்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் இல்லாமல் வருவது ஒரு தவறு. அதற்கு நேர் எதிர்த் தவறைத்தான் இன்று நம்மில் பலர் செய்கிறோம். மூன்று நாள் பயணத்துக்கு ஒன்பது உடுப்பு. ஒருவேளை தேவைப்பட்டால் என்று ஒன்று, அதுவும் இல்லாமல் போனால் என்று இன்னொன்று. இந்த "ஒருவேளை"களைத் தூக்குவது யார்? போர்ட்டர் இருந்தால் அவர் தலை. விமானத்தில் என்றால் பெல்ட்டின் பின்னால், நாம் பார்க்காத இடத்தில் நிற்கிற ஒரு தொழிலாளியின் இடுப்பு. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பெரும்பாலான விமான நிறுவனங்கள் விதி வைத்திருப்பது ஏன் தெரியுமா? பணத்துக்காக அல்ல. அதற்கு மேல் ஒரே ஆள் தூக்கினால் அவருடைய முதுகு போய்விடும். வயிறும் முதுகும் ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைப் பார்த்து, இந்த வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்று எச்சரித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அபூதாவூதில் வருகிற ஹதீஸ் இது. வாயில்லாத ஜீவனுக்கே அப்படி என்றால், வாயிருந்தும் பேச முடியாத கூலிக்காரருக்கு?

குறைவாகக் கொண்டுபோவதும் அதிகமாகக் கொண்டுபோவதும் ஒரே இடத்தில்தான் தவறாகின்றன. இரண்டிலும் இன்னொருவர் நமக்காகச் சுமக்கிறார். அதனால் எத்தனை கிலோ என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய முடியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஆலிம் பட்டம் வாங்கிய பிறகு சில வருடங்கள் நான் ஷார்ஜாவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதினேன். ஓர் அறையில் எட்டுப் பேர். அறையில் தொழுகை நடத்துவது நான் என்பதால் எல்லாருக்கும் நான் "ஹஜ்ரத்". அந்த எட்டுப் பேரில் ராமநாதபுரம் பக்கத்துச் சகோதரர் ஒருவர், கட்டட வேலை. என் லீவு உறுதியானதும் தயங்கித் தயங்கி வந்தார். "ஹஜ்ரத், மகளுக்கு ஸ்கூல் திறக்குது. ஒரு பேக்கும் ஷூவும் வாங்கியிருக்கேன். ரெண்டு கிலோதான் வரும். இடம் இருந்தா மட்டும்" என்றார். தாராளமாகக் கொடுங்கள் என்றேன். தராசில் நிறுத்தும் காட்டினார், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஷூ பளபளவென்று இருந்தது. பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கலர் பென்சில் டப்பா. எல்லாவற்றையும் என் முன்னால் திறந்து காட்டிவிட்டுத்தான் கட்டினார்.

எனக்கு 30 கிலோ அனுமதி. வெறும் பெட்டியே நாலு கிலோ. பால் பவுடர் டின், டேங், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், சோப்பு, மச்சான் கேட்ட கம்பளி. அந்தக் கம்பளியைப் பார்த்திருப்பீர்கள். புலிப் படம் போட்டு, ஜிப் வைத்த பையில் வரும். அது மட்டும் ஐந்து கிலோ இருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவில், மே மாதத்தில், அதை யார் போர்த்துவது என்று நானும் கேட்கவில்லை, மச்சானும் சொல்லவில்லை.

கவுண்டரில் பெட்டியை வைத்தேன். முப்பத்திரண்டரை காட்டியது. கூடுதல் எடைக்குக் கட்டச் சொன்ன தொகை என் பத்து நாள் சாப்பாட்டுச் செலவு. பின்னால் நீண்ட வரிசை. தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். அத்தனை பேர் பார்க்கப் பெட்டியைத் திறந்து கிளறுவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என் கை எதன் மேலும் நிற்கவில்லை. நேராக மேலே இருந்த அந்த ஸ்கூல் பேக்கை எடுத்தது. வழியனுப்ப வந்த நண்பரிடம், "இதை அறையில் கொடுத்துடுங்க, எடை கூடிப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்றேன். கூடவே சோப்பும் கொஞ்சம் வெளியே போனது. பெட்டி முப்பதில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொன்னேன், அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

ஏன் அதை எடுத்தேன்? அது மேலே இருந்தது, சுலபமாகக் கைக்கு வந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது ஏன் மேலே இருந்தது? கடைசியாக வைத்ததால். ஏன் கடைசியாக வைத்தேன்? என்னுடையதெல்லாம் வைத்து மிச்சம் இடத்தில் அதை வைத்ததால். விமான நிலையத்தில் நான் முடிவெடுக்கவில்லை சகோதரர்களே. முந்தின நாள் இரவு அறையிலேயே எடுத்துவிட்டேன். கவுண்டரில் அது வெளியே வந்தது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மதரஸாவில் வதீஆ பாடத்தை, அதாவது அமானிதப் பொருளின் சட்டங்களை, எழுத்து எழுத்தாக ஓதியவன் நான். ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளை அவர் அனுமதியில்லாமல், தக்க காரணமும் இல்லாமல் மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்தால் அந்தப் பொருளுக்கு நாம் பொறுப்பாளியாகிவிடுவோம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மச்சானின் கம்பளி தக்க காரணமா? என் கணக்கு அடிப்படையிலேயே தப்பு. அவர் பையை நான் வாங்கிய நிமிடத்தில் என்னுடைய 30 கிலோ 28 கிலோவாகிவிட்டது. அந்த இரண்டு கிலோ இனி அந்தச் சிறுமியுடையது. நான் மிச்சப்படுத்த வேண்டியது இருபத்தெட்டுக்குள். முடியாது என்றால், அவர் தயங்கி நின்றபோதே "இடமில்லை தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். அதில் பாவம் எதுவும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு எடுத்துப் போட்டதுதான் பாவம்.

தன்னைக் கொல்லத் திட்டமிட்ட ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்து வைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக, ஹிஜ்ரத்தின்போது அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள் நபி (ஸல்) அவர்கள். உயிர் போகிற நேரத்துப் பயணம். அந்த நேரத்திலும் முதலில் பிரித்து வைக்கப்பட்டது அடுத்தவருடையது. நான் எடை கூடிய நேரத்திலேயே அதை முதலில் கழித்துவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாராவது சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். அமானிதம் என்ற பெயரில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி வைக்காதீர்கள். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டுபோய்ச் சிறையில் இருந்தவர்கள் உண்டு. பொட்டலத்தைத் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். அறிமுகமில்லாதவர் விமான நிலையத்தில் வந்து கேட்டால் மறுப்பதே சரி. கொடுக்கிறவருக்கும் பொறுப்பு இருக்கிறது. "ஒரு கிலோதான் பாய்" என்று சொல்லி மூன்று கிலோ ஊறுகாயைக் கட்டிக் கொடுப்பது பொய். அது வழியில் உடைந்து அவருடைய உடுப்பெல்லாம் எண்ணெயானால், அந்த எண்ணெய்க்கும் நாளை கேள்வி உண்டு. எங்கள் அறைக்காரர் மாதிரி திறந்து காட்டி, நிறுத்துக் காட்டிக் கொடுங்கள்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களோடு இருக்கிறார்கள். வாகனத்தில் ஒருவர் வந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்க்கிறார். எதுவும் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்கிறார். அதைக் கவனித்த நபி (ஸல்) அவர்கள், கூடுதல் வாகனம் வைத்திருப்பவர் வாகனம் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும், கூடுதல் உணவு வைத்திருப்பவர் உணவு இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்ற கருத்தில் சொன்னார்கள். ஒவ்வொரு பொருளாக அவர்கள் சொல்லிக்கொண்டே போக, தேவைக்கு மேல் இருக்கிற எதிலும் எங்களுக்கு உரிமையே இல்லையோ என்று எண்ணும் அளவுக்கு ஆகிவிட்டோம் என்கிறார் அறிவிப்பாளர்.

இந்த ஹதீஸை ஓதும்போதெல்லாம் அந்த மனிதர் வலமும் இடமும் பார்த்தது என் கண்ணுக்குத் தெரியும். எங்கள் அறைக்காரரும் அப்படித்தான் பார்த்தார். "இடம் இருந்தா மட்டும்" என்றார். எட்டுப் பேர் அறையில் யார் ஊருக்குப் போகிறார், யார் பெட்டியில் இடம் இருக்கிறது என்று வருடம் முழுக்க வலமும் இடமும் பார்த்துக்கொண்டே இருக்கிற தகப்பன்மார்கள் எத்தனை பேர்! சாமானைச் சிக்கனமாக, நெருக்கமாக அடுக்கத் தெரிவது உண்மையிலேயே ஒரு நிஃமத். ஆனால் அந்தத் திறமையால் மிச்சமான இடத்தில் நாம் எதை வைக்கிறோம்? மூன்றாவது டேங் டப்பாவையா?

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பெட்டிகளின் கதை என்றே சொல்லலாம். சகோதரர்கள் தானியம் வாங்க வருகிறார்கள். அவர்கள் கொடுத்த கிரயத்தை அவர்களுக்கே தெரியாமல் மூட்டைகளில் திருப்பி வைக்கச் சொல்கிறார்கள் யூஸுஃப் (அலை). ஊர் போய், தந்தையின் முன்னால் மூட்டையைத் திறக்கும்போதுதான் அது தெரிகிறது. தன்னைக் கிணற்றில் போட்டவர்களின் மூட்டையில், அவர்கள் கேட்காமலேயே, சொல்லாமலேயே வைத்தது அது. நம் வீடுகளிலும் அந்தக் காட்சி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஹாலில் பெட்டியைத் திறப்பார், வீடே சுற்றி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க யார் யாரை அவர் நினைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

என் பெட்டியும் அப்படித்தான் திறந்து கிடந்தது. ஊருக்கு வந்த இரண்டாம் நாள் காலை, வாசலில் ஒரு பெண்ணும் எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமியும். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். ஹஜ்ரத்திடம் கொடுத்து விட்டிருக்கிறேன், போய் வாங்கிக்கொள் என்று அவர் முன்னமே போன் செய்திருந்தார். நான் திருப்பி அனுப்பிய செய்தி அவருக்குப் போய், அவர் இவர்களுக்குச் சொல்வதற்குள் இவர்கள் கிளம்பிவிட்டார்கள். எடை கூடிவிட்டது என்று சொன்னேன். "பரவாயில்லைங்க ஹஜ்ரத், அடுத்த ஆள் வரும்போது வாங்கிக்கலாம்" என்றார் அந்தத் தாய். சிறுமி எதுவும் சொல்லவில்லை. ஹாலில் விரித்து வைத்திருந்த புலிக் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் உம்மா அவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். கிளம்பும்போது பால் பவுடர் டின்னையும் பேரீச்சம்பழத்தில் பாதியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் போன பிறகு என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கம்பளியை மட்டும் மடித்து, "இது எவ்வளவு கனம்ப்பா இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் பெட்டி கட்டும் வரிசை மாறிவிட்டது. மற்றவர்கள் தந்தது முதலில், அடியில். அதற்கு மேல் கடமையானவை: உம்மாவின் மருந்து, பிள்ளைகளின் தேவை. என் துணி, என் ஆசை எல்லாம் கடைசியில், மேலே. கவுண்டரில் எடை கூடினால் கை முதலில் தொடுவது என்னுடையதாக இருக்கட்டும் என்பதற்காக. கிளம்புகிறவர்கள் வேண்டுமானால் இதை முயன்று பாருங்கள். ஊட்டிக்குப் போகிற பையிலும் செய்யலாம். வேலை செய்யும் பெண்ணின் பிள்ளைக்கு வர்க்கி வாங்கி வர ஒரு மூலை இடம் விட்டுப் போகலாம்.

லீவு முடிந்து ஷார்ஜா திரும்பியதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஹஜ்ரத், எடைன்னா என்ன செய்ய முடியும்" என்றார். எடையல்ல, கம்பளி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பை அவருடைய கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ஐந்து மாதம் கழித்து எங்கள் அறையிலிருந்து வேறொருவர் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தார். பை சரியாக இருந்ததாம், பென்சிலும் சரியாக இருந்ததாம். ஷூ மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சின்னதாகப் போய்விட்டது.